அழாத கை

என் வலது முன்கையில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பச்சைக் கோலம் இருக்கிறது. பாதிக் கோலம். ஒரு பக்கம் புள்ளிகளைச் சுற்றி இழை வளைந்து வருகிறது, மறுபக்கம் வெறும் தோல். பார்க்கிறவர்கள், "ஏன் பாதியில வுட்டுட்டாங்க, வலி தாங்கலியா?" என்று கேட்பார்கள். ஆமாம், தாங்கவில்லை என்று சொல்லிவிடுவேன். அது பொய். வலிக்காமல் போனதால்தான் பாதியில் நின்றது.

எங்கள் ஊர் மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பு வழியாக நடக்கவேண்டிய ஊர். சொந்த நிலம். மழையை நம்பி மல்லாட்டை என்கிற நிலக்கடலை, கிணற்றை நம்பிக் கேப்பை, ஏரி நிறைந்த வருஷத்தில் நெல். ஐம்பதுகளின் கடைசி அது. நான் எட்டாம் வகுப்போடு நின்று, களையெடுக்கவும் களி கிண்டவும் பழகிக்கொண்டிருந்தேன். எனக்கு மூத்தவள் ஒரு அக்கா. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது அம்மாதான் அதை முதலில் பார்த்தாள். காலணாக் காசு அகலத்தில், சுற்றியுள்ள தோலைவிட வெளுத்து, எண்ணெய் பட்டும் மினுங்காமல் கிடந்தது. அம்மாவின் கை அங்கே வந்ததும் நின்றுவிட்டது.

"தேமல்" என்றாள்.

நான் ஒன்றுமே கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அம்மா பதில் சொன்னால் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரியும். கஸ்தூரி மஞ்சள் போட்டாள், பூவரசங்காயின் பாலைத் தடவினாள், கருஞ்சீரகத்தை அரைத்துப் பற்றுப் போட்டாள். தேமலாக இருந்தால் இதற்கெல்லாம் ஓடியிருக்கும். இது எதற்கும் அசையாமல் மெதுவாக அகலமாயிற்று. அம்மா என் பழைய ரவிக்கைகளை எல்லாம் எடுத்துக் கட்டிவைத்துவிட்டு, மணிக்கட்டுவரை கை வைத்ததாகப் புதிதாகத் தைக்கக் கொடுத்தாள். கோடையில் அதைப் போட்டுக்கொண்டு களையெடுக்கும்போது பக்கத்து நிரையில் இருந்த பெண்கள், "என்னாடி, டவுன் டீச்சராட்டம் இருக்குற" என்று கேலி செய்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்ய?

பெருவியாதி என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஏரிக்கரை என்றால் போதும். ஊர் ஏரியின் மதகைத் திறந்து மூடி, யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருவர் இருந்தார். விரல்கள் மடங்க ஆரம்பித்ததும் ஊர் கூடிப் பேசி அவரைக் கரையின் மறுகோடியில் ஒரு குடிசை போட்டு வைத்துவிட்டது. அவர் மனைவி மத்தியானத்தில் சோற்றைக் கொண்டுபோய் ஒரு கல்லின்மேல் வைத்துவிட்டு, தள்ளி நின்று குரல் கொடுப்பாள். அவர் வந்து எடுக்கும்வரை நிற்பாள். பிறகு பேசாமல் திரும்பி நடப்பாள். ஊரில் எல்லோரும் பார்த்த காட்சிதான். ஆனால் கை வெளுத்த பிறகு, நான் அந்தக் கல்லை மட்டுமே பார்த்தேன். எனக்குச் சோறு கொண்டுவரப்போவது அம்மாவா அக்காவா என்று படுத்துக்கொண்டு யோசிப்பேன். அக்கா வரமாட்டாள் என்று எனக்குள் ஒரு குரல் சொல்லும். அதற்காக அவள்மேல் கோபம் கோபமாக வரும். பாவம், அவளுக்கு எதுவுமே தெரியாது.

அந்த நேரம் பார்த்துப் பிரம்மதேசத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல குடும்பம், நல்ல நிலம். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கொடுத்த காபியைத் தொடவில்லை, தண்ணீரும் வேண்டாம் என்றுவிட்டார். அவர்கள் போனதும் அம்மா பொரிந்து தள்ளினாள். "பெரிய எடத்துப் பொம்பள, நம்ம வூட்டுத் தண்ணிகூட ஆவல போலக்கீது." ஆனால் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லியனுப்பினார்கள். அம்மாவுக்குச் சந்தோஷப்படவும் முடியவில்லை. என் கை வெளியே தெரிந்தால் அக்காவின் கல்யாணம் அன்றோடு சரி. தங்கைக்கு இருந்தால் அக்காவுக்கும் இருக்கும் என்பார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

அம்மா யோசித்துக் கண்டுபிடித்த வழிதான் பச்சை குத்துவது. எங்கள் பக்கத்தில் பச்சை குத்தாத பெண் கிடையாது. செத்தாலும் கூட வருவது அது ஒன்றுதான், நகை நட்டு எல்லாம் கழற்றிக்கொள்வார்கள் என்று சொல்வார்கள். வெளுத்த இடத்தின்மேல் பெரிய கோலமாகக் குத்திவிட்டால் யார் கண்டது? "பச்சை குத்தலியோ பச்சே" என்று தெருவில் குரல் கேட்டதும் அம்மா அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, வாசலில் உட்காரவிடாமல் பின்பக்கம் மாட்டுக் கொட்டகைக்கு அழைத்துப்போனாள்.

"இந்த எடம் பூரா அடைக்கிற மாதிரி ஒரு கோலம் போடு."

அவள் கொட்டாங்கச்சியில் கரியைக் குழைத்தாள். சேர்த்துக் கட்டிய ஊசிகளை எடுத்தாள். பச்சை குத்தும்போது பெண்கள் கத்துகிற கத்தலில் தெருவே கூடிவிடும். அதற்குப் பயந்து அம்மா என் வாயில் முந்தானையைத் திணித்துவிட்டுத் தோளைப் பிடித்துக்கொண்டாள். முதல் குத்து வெளுப்புக்கு வெளியே விழுந்தது. உயிர் போயிற்று. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஊசி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்துவந்தது. திடீரென்று வலி நின்றுவிட்டது. அவள் ஊசியை எடுத்துவிட்டாள் என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். ஊசி என் தோலில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ரத்தம் முத்து முத்தாக நின்றது. வேறு யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தியா, எம்பொண்ணுக்கு எம்மா தைரியம். அழுவுறாளா பாரு" என்றாள் அம்மா.

அந்தப் பெண் என் கையை இன்னும் கிட்டே இழுத்தாள். ஊசியை வெளுப்புக்கு வெளியே ஒரு குத்துக் குத்தினாள். துள்ளினேன். உள்ளே குத்தினாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியுதா கண்ணு?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் கையிலிருந்து ஊசிக்கட்டு நழுவி வைக்கோலில் விழுந்தது. அவள் அதை எடுக்கவே இல்லை.

"இந்த மாதிரி அழுவாத கை இன்னொண்ணும் பாத்துட்டேன் தாயி. எனக்கும் புள்ளைங்க இருக்குது. என்னெ வுட்டுடு."

"பாதியில வுட்டுட்டுப் போனா பாக்குறவங்க கேப்பாங்களேம்மா. முடிச்சிக் குடுத்துட்டுப் போயிடு, ஒனக்குப் புண்ணியமாப் போவும்."

அம்மா யாரிடமும் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அந்தப் பெண் மாட்டுத் தொட்டியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கூலிக்காக முறத்தில் வைத்திருந்த கேப்பையைத் தொடாமல் கூடையைத் தூக்கிக்கொண்டாள். எந்த ஊருக்குப் போகிறாய் என்று அம்மா கேட்டதற்கு, "பிரம்மதேசம் பக்கந்தான்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டாள். அம்மா அப்படியே சாணித் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் என் டம்ளர் இடம் மாறியது. எங்கள் வீட்டில் எல்லா டம்ளரும் ஒரே மாதிரிப் பித்தளை. ஒன்றை மட்டும் அம்மா எடுத்து, அடுக்களைக்கு வெளியே விளக்கு மாடத்தில் கவிழ்த்துவைத்தாள். தட்டும் அங்கேதான். அக்காவோடு ஒரே பாயில் படுத்தவளுக்குக் கதவோரம் தனிப் பாய். ஏன் என்று அக்கா கேட்டதற்கு, இவள் தூக்கத்தில் உதைக்கிறாள் என்றாள் அம்மா. எனக்குத் தலைவாரிப் பின்னி எண்ணெய் வைக்கிற அதே கைதான் அந்த டம்ளரை நகர்த்தியது. ஏரிக்கரைக் கல் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது என்று நினைத்தேன். வியாதியைவிட அந்த டம்ளர்தான் என்னை அதிகம் அழவைத்தது. இதை அம்மாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பிரம்மதேசத்திலிருந்து யார் வந்தாலும் அம்மாவுக்கு உதறல். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். வந்தவர்கள் நிச்சயத்துக்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டுப் போவார்கள். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பச்சை குத்துகிறவள் இன்னும் சொல்லவில்லை, நாளைக்குச் சொல்வாள் என்று இருந்தோம்.

ஒருநாள் காலையில் விழுப்புரத்திலிருந்து ஜீப் வந்திருக்கிறது, வீடு வீடாகப் போய்த் தோலைப் பார்க்கிறார்கள் என்று தெருவில் சத்தம். அம்மா என்னை இழுத்துக்கொண்டுபோய்க் குதிருக்குள் இறக்கினாள். அறுவடைக்கு முந்தின மாதம், குதிர் காலியாக இருந்தது. ஆளுயர மண் குதிர். உள்ளே பழைய நெல்லின் தூசி மூக்கில் ஏறியது. மேலே மூடியைப் போட்டுவிட்டாள். அடியில் நெல் தள்ளுகிற ஓட்டை வழியாக ஒரு வெள்ளைப் புடவையின் ஓரமும் கறுப்புச் செருப்பும் தெரிந்தன. வந்தது ஒரு நர்சம்மா. திண்டிவனத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண் என்று பிறகு தெரிந்தது.

"வணக்கங்க. நாங்க விழுப்புரத்துலேர்ந்து..."

"எங்க வூட்ல தேமல் கீமல் யாருக்கும் இல்லீங்க" என்றாள் அம்மா.

அந்த அம்மாள் தேமல் என்ற பேச்சையே இன்னும் எடுக்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பழமொழி சொல்வார்களே, அதை நான் குதிருக்குள் உட்கார்ந்துகொண்டே கேட்டேன். இப்போது சொன்னால் சிரிப்பு வருகிறது. அப்போது பயத்தில் பாவாடையிலேயே சிறுநீர் போய்விட்டது.

செருப்பு குதிர்ப் பக்கம் திரும்பியது. பிறகு நர்சம்மா நிதானமாக, எனக்கும் கேட்கிற மாதிரிப் பேசினாள்.

"இல்லன்னா ரொம்ப சந்தோஷங்க. தெரிஞ்சவங்க யாருக்காவது இருந்தாச் சொல்லுங்க. குத்துனா தெரியாத தேமலு, சூடு தெரியாத தேமலு, அது வேற. செவ்வாக்கெழம செவ்வாக்கெழம மயிலம் ரோட்டுப் புளிய மரத்தாண்ட எங்க வண்டி நிக்கும். மாத்திர குடுப்போம். ஜல்தியா வந்தாங்கன்னா கை மடங்காது. யாரையும் கூட்டிக்கினு போயி அடைக்க மாட்டோம். இது பாவமும் இல்லீங்க, சாபமும் இல்லீங்க. கிருமி பண்ற வேல."

கை மடங்காது. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு குதிருக்குள் நின்றேன். ஆனால் வெளியே எடுத்ததும் அம்மா, "எல்லாம் பொய்யி. இப்டித்தான் நைசாப் பேசி வண்டியில ஏத்திக்கினு பூடுவாங்க" என்றாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அந்தப் புளியமரம் ரோட்டின்மேலேயே இருந்தது. போகிற வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் அடியில் நிற்பவர்களின் முகத்தைப் பார்ப்பார்கள். அங்கே போய் நிற்பதும் தண்டோரா போடுவதும் ஒன்றுதான். நிச்சயம் முடியட்டும், கல்யாணம் முடியட்டும் என்று அம்மா தள்ளிப்போட்டாள். நானும் பேசாமல் இருந்தேன். மருந்தைவிட மரத்தடி எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

பிறகு சுண்டுவிரல் பேச்சுக் கேட்க மறுத்தது. மல்லாட்டைச் செடியிலிருந்து காய் பறிக்கும்போது மற்ற விரல்கள் வேலை செய்யும், அது மட்டும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். ஒருநாள் களி கிண்டிக்கொண்டிருந்தேன். தீய்ந்த வாடை வந்தது. களி அடிப்பிடித்துவிட்டது, அம்மா திட்டுவாள் என்று அவசரமாகத் துடுப்பைச் சுழற்றினேன். வாடை போகவில்லை. குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, என் சுண்டுவிரல் பானையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. தீய்ந்தது என் தோல்.

நான் கத்தவில்லை. அம்மாதான் கத்தினாள். விரலைப் பிடித்து மோரில் முக்கினாள், பிறகு தன் தலையில் அடித்துக்கொண்டாள். "எரியுதாடி? எரியுதுன்னு சொல்லுடி!" என்று என்னைப் பிடித்து உலுக்கினாள். எரியவில்லையே, நான் என்ன சொல்ல? அழுகை ஓய்ந்தபிறகு என் முகத்தைப் பார்க்காமல், "செவ்வாக்கெழம கோயிலுக்குப் போலாம்" என்றாள்.

கோயில் என்பது சாக்கு. கூடையில் தேங்காய், பழம், கற்பூரம், ஒரு முழம் பூ எல்லாம் எடுத்துவைத்து மேலே துணி போட்டு மூடினாள். யாராவது கேட்டால் மயிலத்து முருகனுக்கு வேண்டுதல். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். எங்கள் மடியில் தேங்காய்தான் இருந்தது, அதற்கே எதிரில் வந்த ஒவ்வொரு வண்டிக்கும் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். மரம் தெரிந்ததும் என் கால்கள் நின்றுவிட்டன. வெள்ளை வண்டி ஒன்று நின்றிருந்தது. அதன் பின்கதவு திறந்திருந்தது. ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அம்மா என் நல்ல கையைப் பிடித்து இழுத்தாள். அவள் உள்ளங்கை வியர்த்திருந்தது.

அருகில் போனால் வேடிக்கை. வரிசையில் நின்றிருந்த அத்தனை பேர் கையிலும் அர்ச்சனைக் கூடை. தேங்காய், பழம், பூ. முருகனுக்கு அவ்வளவு பக்தர்களை ரோட்டோரப் புளியமரத்தடியில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஸ் வரும் சத்தம் கேட்டால் மொத்த வரிசையும் ரோட்டுக்கு முதுகைக் காட்டியது.

எங்களுக்கு முன்னால் முக்காடு போட்ட ஒரு அம்மாள் நின்றிருந்தார். அவர் முறை வந்ததும் நர்சம்மா கையை நீட்டச் சொன்னாள். முந்தானைக்குள்ளிருந்து வலது கை வெளியே வந்தது. முன்கை முழுக்கப் புதுப் பச்சை. என் கையில் பாதியில் நின்ற அதே கோலம், அவர் கையில் முழுதாக இருந்தது. அதற்குக் கீழே இரண்டு விரல்கள் மடங்கிப்போயிருந்தன. நர்சம்மா வெந்நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயை வைத்துப் பார்க்கும்போது அவர் முகத்தைத் திருப்பினார். முக்காடு நழுவியது.

பிரம்மதேசத்து அம்மாள்.

அம்மாவின் கைக்கூடையிலிருந்து தேங்காய் உருண்டு ஓடியது. எடுக்கக் குனிய யாருக்கும் தோன்றவில்லை. போயிற்று, அக்காவின் கல்யாணம் இந்த மரத்தடியிலேயே போயிற்று என்று நினைத்தேன். அந்த அம்மாளின் கண் என் கைக்கு வந்தது, பாதிக் கோலத்தில் நின்றது, அம்மாவிடம் போனது. அவர் முகத்தில் இருந்த பயத்தை எனக்கு நன்றாகத் தெரியும். வீட்டுக் கண்ணாடியில் தினமும் பார்ப்பதுதான்.

"கோயிலுக்கா வந்தீங்க?" என்று கேட்டார். கை மறுபடி முந்தானைக்குள் போனது.

"ஆமாங்க" என்றாள் அம்மா. "நீங்க?"

"நானும் கோயிலுக்குத்தான்."

அவ்வளவுதான் பேசினார்கள். அவர் மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு நகர்ந்தார். நான் கையை நீட்டினேன். நர்சம்மா பஞ்சால் தொட்டுப் பார்த்தாள், குண்டூசியால் குத்திப் பார்த்தாள். முழங்கைக்குப் பின்னால் ஒரு நரம்பைப் பிடித்து அழுத்தியபோது வலியில் துடித்தேன். என் கையில் இன்னும் வலி மிச்சம் இருக்கிறது என்று சந்தோஷமாக இருந்தது. சுண்டுவிரல் நிமிராது, மற்றதைக் காப்பாற்றலாம், ஆனால் வருஷக்கணக்கில் வரவேண்டும் என்றாள். வீட்டில் எல்லோரையும் ஒருமுறை கூட்டிவரச் சொன்னாள். பிறகு அம்மாவிடம், "தட்டு டம்ளரு தனியா வச்சிருக்கீங்களா? வேணாங்க. ஒழுங்கா மாத்திர சாப்ட்டா இவளால யாருக்கும் வராது" என்றாள். அம்மா தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும் என் டம்ளரைக் கழுவி அதே மாடத்தில் கவிழ்த்தாள். பயம் அத்தனை சீக்கிரம் போகுமா?

நிச்சயத்துக்குப் பிரம்மதேசத்துக்காரர்கள் வந்தார்கள். வரமாட்டார்கள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன். இரு வீட்டுப் பெரியவர்களும் கூடத்தில் நிறைந்திருந்தார்கள். அந்த அம்மாளைப் பொறுத்தவரை ஒரே ஒரு கண்டம்தான். தாம்பூலத் தட்டு மாற்றவேண்டும். தேங்காயும் பழமும் புடவையும் அடுக்கிய கனமான பித்தளைத் தட்டு. அத்தனை பேர் பார்க்க அவர் இரண்டு கையாலும் தூக்கினார். மடங்கிய விரல்களில் தட்டு நிற்கவில்லை. ஒருபக்கம் சாய்ந்தது. அவர் உதடு வெளுத்தது.

அம்மா பாய்ந்து, தன் இரண்டு கைகளையும் அவர் கைகளுக்கு அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டாள். "குடுங்க சம்பந்தி" என்று சிரித்தாள். பெண் வீட்டுக்கு என்ன அவசரம் பாருங்கள் என்று யாரோ கேலி செய்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். தட்டு கை மாறிவிட்டது.

பிறகு அந்த அம்மாள் குடிக்கத் தண்ணீர் கேட்டார். அம்மா அடுக்களையிலிருந்து டம்ளரில் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் இடது கையால் வாங்கி, உதடு படாமல் அண்ணாந்தார். தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

"எதுக்கு அண்ணாந்துக்கினு கஷ்டப்படறீங்க?" என்றாள் அம்மா, தணிந்த குரலில். "வாய் வச்சே குடிங்க."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஊரார் வீட்டு அம்மாளுக்குச் சொன்னதை எனக்குச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லையே என்று கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். அம்மா அந்தப் பக்கமாகப் போனாள். என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் தண்ணீர் குடிக்க மாடத்தில் கை வைத்தேன். என் டம்ளர் அங்கே இல்லை. அடுக்களைக்குள் போனேன். எல்லா டம்ளரையும் ஒன்றாகத் துலக்கி வரிசையாகக் கவிழ்த்திருந்தாள். எது என்னுடையது என்று நெடுநேரம் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.